மூத்தவன் பெயரில் இளையவன்

அத்தியாயம் ஏழு

அன்று காலை அளவு அறையில் இருந்தவர்கள் இவர்கள்தான். பட்டறையை நிறுவிய பெரியவர். அவருடைய தம்பி, எல்லோருக்கும் சின்னவர். கால் கைக்கு அளவெடுக்கும் அம்மா. இரண்டு நாளாகத் திருடன் என்ற பட்டத்தைச் சுமந்து, அன்று மூலை நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்த கம்ப்யூட்டர்காரர். துப்பு துலக்க வந்த வக்கீலம்மா. அவருடைய கணவரின் தம்பியும் உதவியாளனுமான மைக். பின்னாளில் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

பெரியவர் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். சாய்வு நாற்காலியில்கூட அவர் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. வக்கீலம்மா உட்காருவதற்கு முன்பே அவர் தன் நிபந்தனையைச் சொன்னார்.

"யாரை வேணும்னாலும் விசாரிங்க. என் குடும்பத்தை மட்டும் விட்டுடுங்க. அடுத்தவன் பொருளைத் தொட்டவன் எங்க வீட்ல கிடையாது. அப்படி ஒரு கேள்வி இந்த அறையில எழுந்துச்சுன்னா உங்களுக்கு வணக்கம் சொல்லி அனுப்பிடுவேன்."

"சரிங்க ஐயா," என்றார் வக்கீலம்மா. "நான் மெஷின்களை மட்டும் விசாரிக்கிறேன்."

"நல்லதாப் போச்சு அண்ணி," என்றான் மைக். "அதுங்க வாய்தா கேக்காது. நடுவுல அழவும் அழாது."

மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் அவன் அதைச் சொன்னான். கீழே தெருவில் போன ஒருவர் நின்று நிமிர்ந்து பார்த்தார்.

சின்னவர் சிரித்தார். தம்பி எப்போது மாடியேறி வந்தார் என்பதைப் பெரியவர் கவனித்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் வருவது முதல் படியிலேயே தெரிந்துவிடும். கவலை வந்தால் காதும் மந்தமாகிவிடுகிறது என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. அது செயற்கைக் கால் கை செய்யும் பட்டறை. காலை இழந்து வருபவரின் மீதிக் காலை ஒரு ஒளிக்கருவியால் சுற்றிலும் பார்த்து, அதன் மேடு பள்ளத்தை அப்படியே கணினியில் ஏற்றுவார்கள். அந்த வடிவத்தைப் படித்து, அச்சு இயந்திரம் பிளாஸ்டிக்கில் ஒரு கிண்ணம் செய்து தரும். மீதிக் கால் அந்தக் கிண்ணத்துக்குள் உட்காரும். கிண்ணத்துக்குக் கீழேதான் மற்றதெல்லாம். கிண்ணம் பொருந்தாவிட்டால் எவ்வளவு உசத்தியான காலும் வெறும் தடி. அப்படி இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்த வடிவங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருந்தன. அந்த சர்வருக்குப் பெயர் மூத்தவன்.

மெஷின்களுக்கு உறவுப் பெயர் வைப்பது அந்தப் பட்டறையின் பழக்கம். எதையும் விடாமல் உற்றுப் பார்க்கும் ஒளிக்கருவிக்குச் சித்தி என்று பெயர். உபசாரம் குறைந்தால் வேலையை நிறுத்திவிடும் அச்சு இயந்திரத்துக்கு மாப்பிள்ளை. மூத்தவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அதே அச்சில் இன்னொரு சர்வர் வாங்கி வைத்திருந்தார்கள். அதில் எதையும் ஏற்றாமலே நாளைக் கடத்தினார்கள். அதற்குப் பெயர் இளையவன்.

சனிக்கிழமை காலை மூத்தவனைக் கூப்பிட்டபோது பதில் வந்தது. உள்ளே எதுவும் இல்லை. ஒரு கால் இல்லை, ஒரு கை இல்லை, துடைத்துவிட்ட பலகை.

அன்றே சின்னவர் சொல்லிவிட்டார். "அண்ணே, வடிவம் போனா பட்டறை வெறும் சுவர்தான். பெரிய கம்பெனிக்காரங்க பேருக்காகவாவது வாங்கிக்கறோங்கறாங்க. கையெழுத்தைப் போட்டுடுங்க." இத்தனை நாள் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடும் பெரியவர் இந்த முறை எழவில்லை. இன்று மாலை அவர்கள் வருகிறார்கள். கையெழுத்து முடிந்ததும் கம்ப்யூட்டர்காரரைப் போலீசில் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அவருடைய போனும் சாவிக்கொத்தும் பெரியவரின் மேசை டிராயரில் கிடந்தன.

வக்கீலம்மா மூலை நாற்காலியைப் பார்த்துத் திரும்பினார். "சனிக்கிழமை மூத்தவன் உங்ககிட்ட என்ன சொன்னான்? நீங்க என்ன நினைச்சீங்கன்றது வேண்டாம். அவன் சொன்னதை மட்டும் சொல்லுங்க."

கம்ப்யூட்டர்காரர் தொண்டையைச் செருமினார். இரண்டு நாளில் அவரை யாரும் அப்படி மரியாதையாகக் கேட்டிருக்கவில்லை. "என் லேப்டாப்லேருந்து கூப்பிட்டேங்க. உள்ள விடறதுக்கு முன்னாடியே பெரிய எச்சரிக்கை வந்துச்சு. இந்தப் பேர்ல நீ பாத்துப் பழகின மெஷினோட ரேகை வேற, இப்ப பேசறவனோட ரேகை வேறன்னு."

"மெஷினுக்கு ஏது ரேகை?" என்றார் பெரியவர்.

"உண்டுங்க ஐயா," என்றான் மைக். "மெஷினை ஓட வெக்கற லினக்ஸை ஏத்தும்போதே ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி ரேகை விழுந்துடும். முதல் தடவை பேசறப்போ லேப்டாப் அதை மனசுல வாங்கி வெச்சுக்கும். அடுத்த தடவை அதே பேர்ல வேற ரேகை வந்தா, இது அந்த ஆள் இல்லைன்னு கத்தும். எங்க அண்ணியோட அம்மா மாதிரி. நாம தாடி வெச்சாலும் எடுத்தாலும் அவங்களை ஏமாத்த முடியாது."

"எங்கம்மாவை விட்டுட்டு வேலையைப் பாரு," என்றார் வக்கீலம்மா.

சின்னவர் கையை வீசினார். "இதுல துப்பறிய என்னம்மா இருக்கு? உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சுட்டு லினக்ஸைப் புதுசா ஏத்தியிருக்கான். புதுசா ஏத்தினா ரேகையும் புதுசாத்தான் இருக்கும்."

"ரொம்ப நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க." பெரியவரின் புருவம் உயர்வதைப் பார்த்து வக்கீலம்மா சேர்த்துக்கொண்டார். "கேள்வி இல்லைங்க ஐயா. பாராட்டு."

"போன வருஷம் இந்தக் கட்டடத்துக்கு மாறினப்போ எல்லா மெஷினுக்கும் எண் மாத்த வேண்டியிருந்துச்சு," என்றார் சின்னவர். "இவன் பக்கத்துல உக்காந்து பாத்தேன். அவ்வளவுதான்."

"சர்வர் அறையை ஒரு தடவை பாத்துடலாமே."

"சாவி வீட்ல இருக்கு. போலீஸ் வந்து திறக்கட்டும்னு பூட்டி வெச்சிருக்கேன். தடயம் கெடக்கூடாது பாருங்க."

"பரவாயில்லைங்க," என்றான் மைக். "கதவு பூட்டியிருந்தா என்ன, கம்பி வெளிய வருதே."

வக்கீலம்மா அவனைப் பார்த்தார். "மைக், சின்னவர் சொல்ற மாதிரி அழிச்சுட்டுப் புதுசா ஏத்தியிருந்தா, பழைய ரேகை இந்தக் கட்டடத்துல எங்கயும் இருக்கக் கூடாது இல்லையா?"

"இருக்கக் கூடாது. செத்துப்போன ஆளோட கைரேகை இன்னிக்குக் கழுவின டம்ளர்ல இருந்தா எப்படி?"

"அப்ப டம்ளரை எல்லாம் பாரு."

மைக் கம்ப்யூட்டர்காரரின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பட்டறையின் கணினி வலையில் இருந்த ஒவ்வொரு மெஷினின் எண்ணையும் தட்டத் தொடங்கினான். ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டிக்கொண்டே தெருவில் போகிறவனைப் போல வர்ணனையும் சேர்த்துக்கொண்டான். "சித்தி கதவே திறக்கலை. மாப்பிள்ளை தூங்கறார். இது யாரு? வாசல் கேமரா. வணக்கம்மா, தெரியாம வந்துட்டேன்."

அளவெடுக்கும் அம்மா தன்னை மறந்து சிரித்துவிட்டு, பெரியவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"அடுத்தது இளையவன்."

"அது காலி மெஷின்," என்றார் சின்னவர். "வாங்கி வெச்சதோட சரி. அதுல போய் என்னத்தைத் தேடறது?"

"காலி வீடுன்னா தட்டிட்டு வந்துடறேங்க." மைக் ஒரு விசையை அழுத்தினான். பிறகு பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் வக்கீலம்மா எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

"சத்தமாப் படி," என்றார்.

"அண்ணி, நீங்க என்கிட்ட இதைக் கேக்கறது இதுதான் முதல் தடவை." அவன் திரையைப் பெரியவர் பக்கம் திருப்பினான். "ஐயா, இந்த லேப்டாப்லேருந்து இளையவனை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதே இல்லை. அதனால அது யாரோ புது ஆள்னுதான் சொல்லணும். அப்படிச் சொல்லலை. என்ன சொல்லுதுன்னா, பேர் எனக்குப் புதுசு, ஆனா இந்த ரேகை எனக்குப் பழக்கம். மூத்தவன்கிற பேர்ல பழக்கம்."

பெரியவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. "செத்தவன் உயிரோட இருக்கானா?"

"சாகவே இல்லைங்க. எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போயிட்டான். போனான்னு சொல்லக் கூடாது, இருந்த இடத்துலதான் இருக்கான். பலகையைத்தான் மாத்தியிருக்காங்க." மைக் எழுந்து நின்று கையால் காற்றில் இரண்டு வீடு வரைந்தான். "சர்வருக்குப் பேர்ங்கறது வாசல்ல மாட்டின பலகை. எண்ணுங்கறது கதவு எண். இந்தப் பட்டறையில எல்லாரும் மூத்தவன்கிற பேரைச் சொல்லித்தான் கூப்பிடறீங்க, அது அந்தக் கதவு எண்ணுக்குப் போகும். இப்ப ரெண்டு வீட்டோட பலகையையும் எண்ணையும் ஒருத்தர் மாத்தி மாட்டிட்டார். காலி வீட்டுக்கு மூத்தவன்னு பேர் வந்துடுச்சு. நிறைஞ்ச வீட்டுக்கு இளையவன்னு பேர். தபால்காரன் காலி வீட்டுக்குள்ள போய்ப் பாத்துட்டு, ஐயோ எல்லாம் போச்சேன்னு வெளிய வர்றான். அடுத்த வீட்டுக்கு ஏன் யாரும் போகலை? அது எப்பவும் காலின்னு எல்லாருக்கும் தெரியுமே."

கம்ப்யூட்டர்காரர் மூலையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். யாரும் தடுக்கவில்லை. கடவுச்சொல்லைத் தட்டினார். திரையில் வடிவங்களின் வரிசை ஏறத் தொடங்கியது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனது.

அளவெடுக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். "அந்த உயரமான வாத்தியாரம்மாவோட கால் இருக்கா பாருங்க. ரெண்டு தடவை அழ வெச்ச கால்."

"இருக்குங்க."

"டிரைவரோட வலது கை?"

"அதுவும் இருக்குங்க."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

பெரியவர் கையை நீட்டினார். மேசையில் இருந்த விற்பனைப் பத்திரத்தை எடுத்து, மடித்து, உறையில் போட்டார். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதற்குள் கம்ப்யூட்டர்காரர் நிர்வாகி உரிமையில் ஏதோ கட்டளை கொடுத்தார். மெஷின் உடனே செய்யவில்லை. சற்றுத் தயங்கி, ஒரு வரி முணுமுணுத்துவிட்டு, அப்புறம் செய்தது.

"என்னவாம்?" என்றார் வக்கீலம்மா.

"இளையவன்னா யாருன்னே தெரியலைங்குது," என்றார் அவர். "பேரை மாத்தினா ரெண்டு இடத்துல மாத்தணுங்க. பேர் எழுதியிருக்கற கோப்பு ஒண்ணு. எந்தப் பேர் எந்த எண்ணுன்னு மெஷின் தனக்குள்ளயே குறிச்சு வெச்சிருக்கற கோப்பு இன்னொண்ணு. செஞ்சவங்க முதல்ல இருக்கறதை மட்டும் மாத்தியிருக்காங்க. ரெண்டாவதுல இன்னும் மூத்தவன்னுதான் இருக்கு."

"பலகையை மாத்தினவர் வீட்டுக்குள்ள இருக்கறவங்ககிட்ட சொல்ல மறந்துட்டார்," என்றான் மைக்.

"நான் செஞ்சிருந்தா அதை மறப்பேனுங்களா?" என்று கம்ப்யூட்டர்காரர் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்.

பதில் சின்னவரிடமிருந்து வந்தது. "மறந்த மாதிரி காட்டத்தான்டா விட்டு வெச்சிருக்கே. அண்ணே, இப்பதான் எனக்கு முழுசாப் புரியுது. இவன் அழிக்கலை. ஒளிச்சு வெச்சிருக்கான். நாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனதும், மெதுவா எடுத்து வெளிய வித்துடலாம்னு. அழிச்சதைவிட இது பெரிய துரோகம்."

பெரியவர் கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். தம்பி சொல்வது பொருத்தமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால், அது பொருத்தமாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். பொருள் கிடைத்துவிட்டது, திருடன் வெளியாள், வீடு சுத்தம். அத்தோடு முடித்துக்கொள்ள அவர் மனம் துடித்தது. "உன்னை நம்பித்தானேப்பா எல்லாக் கதவையும் திறந்து விட்டேன்," என்றார். "வெளியாள் வெளியாள்தான்னு காட்டிட்டே."

கம்ப்யூட்டர்காரரின் முகம் சுருங்கியது. திரும்பிப் போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா," என்றார் வக்கீலம்மா, "இன்னும் ஒரு சாட்சி பாக்கி இருக்கார். மாப்பிள்ளை."

அச்சு இயந்திரம் அறையின் கோடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஆள் உயரத்துக்கு நின்றது. மேலே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள் மாட்டியிருந்தது. வக்கீலம்மா அளவெடுக்கும் அம்மாவிடம் கேட்டார். "இவர் கடைசியா எப்ப வேலை பாத்தார்?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம். ஒரு குழந்தைக்குக் கை. வெள்ளைதான் ஓடுச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எதைப் பாத்து வேலை பாப்பார்? சனிக்கிழமை காலையிலதான் எல்லாம் போச்சே. பட்டறையையே பூட்டிட்டோம். இன்னிக்குத்தான் திறக்கறோம்."

"மைக், மாப்பிள்ளையைக் கொஞ்சம் எழுப்பு. எதுவும் செய்ய வேண்டாம். மூக்கைச் சூடாக்கி ஒரு சொட்டு விடச் சொல்லு போதும்."

மைக் பொத்தானை அழுத்தினான். பிளாஸ்டிக் உருகி வெளியே வரும் பித்தளை மூக்கு சூடேறும்வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். பிறகு மூக்கின் நுனியிலிருந்து பிளாஸ்டிக் நூல் ஒன்று மெல்ல இறங்கிச் சுருண்டது.

அது நீலமாக இருந்தது. நல்ல, பளிச்சென்ற நீலம். கொஞ்ச தூரம் அப்படியே இறங்கி, வெளிறி, பிறகுதான் வெள்ளையானது.

"வெள்ளைச் சோறு போட்டா நீலமாத் துப்பறாரே," என்றான் மைக். அவன் குரல்கூடத் தணிந்திருந்தது. "சுருளை மாத்தினாலும் கடைசியா ஓடின நிறம் கொஞ்சம் மூக்குக்குள்ள தங்கிடும். அடுத்த தடவை அதுதான் முதல்ல வரும்."

"நாங்க ஒவ்வொரு தடவையும் மூக்கைச் சுத்தமா ஓட்டிட்டுத்தான் அணைப்போம்," என்றார் அளவெடுக்கும் அம்மா அவசரமாக. "வெள்ளிக்கிழமை நானேதான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த நூலைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். 

கம்ப்யூட்டர்காரரும் நூலைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் அவமானத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அந்த வார்த்தையை விழுங்கினார்.

வக்கீலம்மா நூலைக் கிள்ளி எடுத்து மேசையில், பெரியவரின் முன்னால் வைத்தார். "மெஷின்களை மட்டும்தான் விசாரிப்பேன்னு சொன்னேன். விசாரிச்சுட்டேன். இதுக்கு மேல கேட்டா அது உங்க நிபந்தனையை மீறினதா ஆயிடும்."

அந்தப் பட்டறையில் தோல் நிறத்தில் கால் செய்வார்கள், வெள்ளையில் செய்வார்கள். நீலம் ஒரே ஒருவருக்குத்தான்.

வாலிப வயதில் தம்பியின் கால் லாரிச் சக்கரத்தில் போயிற்று. கடைசல் பட்டறையில் கூலிக்கு இருந்த அண்ணன் மரத்தில் ஒரு கால் கடைந்து எடுத்துப் போனார். மரக்கால் வேண்டாம் என்று தம்பி அதைக் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினான். அண்ணன் பேசாமல் அதை எடுத்து வந்து, தம்பியின் சைக்கிளுக்கு என்ன நிறமோ அதே நிறம் அடித்துக் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் தம்பி அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். அந்தக் காலைப் பார்த்துத்தான் முதல் ஆள் வந்தார், அப்புறம் அடுத்த ஆள். பட்டறையே அதிலிருந்து வந்தது. மரம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது, நீலம் மாறவில்லை.

பெரியவர் நூலைத் தொடவில்லை. "தம்பி," என்றார். "எழுந்து ஜன்னல் வரைக்கும் நட."

"எதுக்குண்ணே?"

"நடன்னா நட."

சின்னவர் எழுந்தார். ஜன்னல்வரை போனார், திரும்பி நின்றார். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறு மாதமாகச் சின்னவர் நடந்தால் அடிக்கு அடி ஒரு டக் கேட்கும். சதை வற்றிக் கிண்ணம் தளர்ந்துபோய், கால் உள்ளே ஏறி இறங்கும் சத்தம். படியில் அந்த டக் கேட்டால் தம்பி வருகிறான் என்று பெரியவர் கணக்கு போடாமலே அறிவார். காலையில் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தாரே, காது நன்றாகத்தான் இருந்தது. கேட்க அங்கே ஒன்றும் இல்லை.

"இவனுக்குப் புது அளவு எப்பம்மா எடுத்தீங்க?" பெரியவர் தம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்," என்றார் அம்மா மிகச் சன்னமாக.

"அளவு எங்க போச்சு?"

"மூத்தவனுக்குங்க. வேற எங்கயும் போகாது."

"மறுநாள் காலையில மூத்தவன் காலி. அதுலேருந்து ஒரு விரலைக்கூட யாராலயும் எடுக்க முடியலை." பெரியவரின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்ப உன் கால் எங்கேருந்துடா வந்துச்சு?"

சின்னவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முதலில் சிரிக்கப் பார்த்தார். அது வரவில்லை.

"வலிண்ணே," என்றார். "பழசு புண்ணாக்கிடுச்சு. ராத்திரி தூக்கம் இல்லை. விக்கற வரைக்கும் பொறுத்துக்கணும்னுதான் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை இங்க யாரும் இல்லை. ஒரே ஒரு கிண்ணம்தானேன்னு..."

"நான் கிண்ணத்தைக் கேக்கலை."

சின்னவர் திரும்பினார். இப்போது அவர் முகத்தில் வேறு ஒன்று இருந்தது. வெகு நாளாக உள்ளேயே வைத்திருந்தது. "வேற எப்படிண்ணே உங்களைக் கையெழுத்துப் போட வைக்கறது? அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடறீங்க. நான் எங்க போனாலும், அண்ணன் செஞ்ச கால்லதானே நடக்கறேன்னு ஒருத்தன் சொல்றான். என் சம்பாத்தியம், என் வீடு, என் நடை, எல்லாம் உங்க பேர்ல. வித்து வர்ற பங்குல எனக்குன்னு ஒண்ணு வேணும்னு நினைச்சேன்."

"அதுக்கு இவனைப் போலீசுக்கு அனுப்பப் பாத்தியா?" பெரியவர் மூலை நாற்காலியைக் காட்டினார். "வீட்ல பிள்ளைகுட்டியோட இருக்கறவனை?"

சின்னவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் குடும்பத்தில் அடுத்தவன் பொருளைத் தொட்டவன் கிடையாது என்று தான் சொன்னது பெரியவருக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொன்ன சற்று நேரத்தில் தம்பி எதிரே உட்கார்ந்து சிரித்தான். புதுக் காலோடு உட்கார்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவரைக் குத்தியது. திருட்டுகூட அதற்குப் பிறகுதான்.

அவர் எழுந்து தம்பியின் அருகே போனார். அடிப்பார் என்று மைக் நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தான். வக்கீலம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

பெரியவர் குனிந்து, தம்பியின் தொடைக்குக் கீழே, கிண்ணத்தின் விளிம்பு இருக்கும் இடத்தைக் கால்சட்டைக்கு மேலாகவே விரலால் ஒரு சுற்று அழுத்திப் பார்த்தார். அந்த வேலையை அவர் இத்தனை வருடமும் செய்து வந்தார்.

"எங்கயாவது உரசுதா?"

"இல்லைண்ணே."

"பொருந்துதா?"

"பொருந்துது."

"அப்ப நடந்து போ," என்றார் பெரியவர். "இனிமே இந்தப் படியேறாதே. சர்வர் அறைச் சாவியைக் குடுத்துட்டுப் போ. அது வீட்ல இல்லை, உன் பையிலதான் இருக்கு."

சாவி சின்னவரின் பையில்தான் இருந்தது. மேசையில் நீல நூலுக்குப் பக்கத்தில் அதை வைத்தார். "சாயங்காலம் வர்றவங்ககிட்ட என்ன சொல்றது?" என்று கதவருகே நின்று கேட்டார்.

"அதை நான் சொல்லிக்கறேன்."

பெரியவர் டிராயரைத் திறந்து கம்ப்யூட்டர்காரரின் போனையும் சாவிக்கொத்தையும் எடுத்தார். ஆள் விட்டுக் கொடுத்தனுப்பவில்லை. தானே மூலைவரை நடந்துபோய், இரண்டு கையாலும் நீட்டினார். "என் வாய் செஞ்ச தப்பு," என்றார். "எழுந்திரிப்பா. மூத்தவனுக்கு அவன் பேரைத் திருப்பிக் குடு."

கம்ப்யூட்டர்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். "ஒரே கதவு எண்ணுல ரெண்டு பேர் இருக்க முடியாதுங்க. முதல்ல இளையவனை எழுப்பி வேற இடத்துல உக்கார வெக்கணும். அப்புறம்தான் மூத்தவன் தன் இடத்துக்கு வர முடியும்."

"எழுப்பு," என்றார் பெரியவர்.

கம்ப்யூட்டர்காரர் காலி மெஷினை முதலில் யாரும் பயன்படுத்தாத ஒரு எண்ணுக்கு நகர்த்தினார். அடுத்து உண்மையான மூத்தவனுக்கு அதன் பழைய பெயரைக் கொடுத்தார். எண்ணை மாற்றும் கட்டளையைக் கொடுத்ததும் திரை உறைந்துபோனது.

"என்ன ஆச்சு?" பெரியவர் முன்னால் சாய்ந்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. பழைய எண்ணுல பேசிட்டிருந்தேன், அது இப்ப இல்லை. பேச்சு அறுந்துடுச்சு. புது எண்ணுல கூப்பிட்டா பதில் சொல்வான்." மூத்தவன் என்ற பெயரைத் தட்டினார். இந்த முறை லேப்டாப் கத்தவில்லை. ரேகை ஒத்துப்போயிற்று, கதவு திறந்தது.

"வீட்டுக்குள்ள இருக்கறதையும் பாத்துடுப்பா," என்றார் பெரியவர். "அந்த ரெண்டாவது கோப்பு."

"அதுல மூத்தவன்னே விட்டுட்டுப் போனாருங்க. மாத்த வேண்டியது இல்லை."

கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டபோதுதான் சின்னவர் போய்விட்டார் என்பது பெரியவருக்குத் தெரிந்தது. படியில் ஓசையே கேட்கவில்லை. நல்ல கிண்ணம் அது.

மைக் எதையோ சொல்ல வாயெடுத்தான். "வேண்டாம்," என்றார் வக்கீலம்மா. அவன் மூடிக்கொண்டான்.

அந்த வாரம் மின்னல் விழுந்து பட்டறையின் சர்வர் எரிந்துபோனதாகவும், அந்த அதிர்ச்சியில் சின்னவர் உடம்பு தேற வெளியூர் போயிருப்பதாகவும் உறவுக்காரர்கள் பிற்பாடு ஒரு கதை சொன்னார்கள். குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னார்கள். ஒரு விசேஷ வீட்டில் அது பெரியவரின் காதுக்கு எட்டியது. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர் முதுகு சாயாமல் உட்கார்ந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மின்னல் எதுவும் விழலை. சர்வர் ஒரு நிமிஷம்கூட நிக்கலை. என் தம்பி பேரை மாத்தி ஒளிச்சு வெச்சான்."